பென்னைப் பிடுங்குமுன்: ஒரு கிதாபின் 37 பக்கங்கள் போன காரணம்

மூன்று வருடங்களுக்கு முன்னர் கிழக்கில் ஓர் ஊரில், ஒரு ஹாஜியாரின் வீட்டு மண்டபத்தில் இருந்துகொண்டு, அவருடைய மூத்த வாப்பா கையால் எழுதிவைத்த அரபுத்தமிழ்க் கிதாபு ஒன்றை நானும் ஒரு நண்பரும் ஸ்கேன் செய்தோம். மை தின்ற தாள். ஒரு பக்கத்தைப் புரட்டினால் ஓரத்திலிருந்து தவிடு மாதிரிக் கொட்டும். காலையில் தொடங்கி, லுஹருக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் எழும்பி, அஸருக்குச் சற்று முன்னர் 212 படங்களை முடித்தோம். மடிக்கணினி நண்பருடையது, அதில் உபுண்டு லினக்ஸ் ஓடியது. அன்றிரவே அவர் அதை எடுத்துக்கொண்டு கொழும்புக்கு பஸ் ஏற வேண்டும். ஆகவே படங்களை எல்லாம் என்னுடைய 16 ஜிபி பென்னுக்கு மாற்றினேன். கொப்பி பண்ணவில்லை; 'எம்வீ' என்ற கட்டளையால் ஒரேயடியாக நகர்த்தினேன். பத்து நிமிடம் போல் எடுத்து, கட்டளை முடிந்து, திரையில் அடுத்த வரி வந்து நின்றது. பள்ளியில் பாங்கு சொல்லிக் கேட்டது. பென்னை இழுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழும்பினேன்.

"என்ன மகன், எல்லாம் ஏறிட்டா?" என்று ஹாஜியார் கேட்டார்.

"ஓம் ஹாஜியார், எல்லாம் வந்திட்டு" என்றேன்.

ஒன்பது நாள் கழித்துத்தான் வீட்டில் அந்தப் பென்னைத் திறந்தேன். 175 படங்கள் ஒழுங்காகத் திறந்தன. மிச்சம் 37 இல்லை. சிலவற்றுக்குப் பெயர் இருந்தது, அளவு பூச்சியம். சிலவற்றுக்கு அளவும் இருந்தது, திறந்தால் ஒன்றுமில்லை. கடைசிப் பத்துப் பன்னிரண்டுக்குப் பெயரே இல்லை. நண்பரின் கணினியிலும் இல்லை, நான்தானே நகர்த்தினேன்.

பென் பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். பழுது பென்னில் இல்லை. கணினியிலிருந்து ஒரு கோப்பு முறைமையைக் கழற்றுவது எப்படி என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. எங்கள் ஊர்களில் இப்போது பலர் பள்ளிவாசல் திருமணப் பதிவுகள், பழைய சஞ்சிகைகள், வீட்டுக் கிதாபுகள் என்று படமெடுத்துச் சேர்க்கிறார்கள். ஸ்கேன் பண்ணுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க ஆள் உண்டு. கழற்றுவது எப்படி என்று யாரும் சொல்வதில்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் தருகிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும்.

பொருத்துவதும் கழற்றுவதும்

பென்னுக்குள் இருப்பது வெறும் பெட்டிகளின் வரிசை. எந்தப் பெட்டியில் எந்தக் கோப்பின் எந்தத் துண்டு இருக்கிறது, கோப்பின் பெயர் என்ன, எந்தப் பெட்டிகள் வெறுமையாக உள்ளன என்ற கணக்கும் அந்தப் பென்னுக்குள்ளேயே ஒரு பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். அந்தக் கணக்கையும் அதை எழுதும் ஒழுங்கையும் சேர்த்துத்தான் கோப்பு முறைமை என்கிறோம். கடையில் வாங்கும் பென்களில் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் இருக்கும். லினக்ஸ் கணினியின் உள் வட்டில் பெரும்பாலும் எக்ஸ்ட்4.

விண்டோஸில் பென்னைச் செருகினால் 'ஈ', 'எஃப்' என்று ஓர் எழுத்துக் கிடைக்கும். லினக்ஸில் அப்படி இல்லை. அங்கே எல்லாம் ஒரே மரம். அடிவேர் ஒரு சாய்கோடு. பென்னைச் செருகினால் அதன் கோப்பு முறைமையை அந்த மரத்தில் ஓரிடத்தில் ஒட்டுக்கிளை மாதிரிப் பொருத்துவார்கள். உபுண்டுவில் அந்த இடம் வழக்கமாக '/மீடியா/' என்று தொடங்கி, பயனர் பெயர், பென்னின் பெயர் என்று போகும். இந்தப் பொருத்துதலுக்கு 'மவுண்ட்' என்று பெயர். இதற்கு எதிரானது கழற்றுதல்.

இந்தச் சோடி வெகு பழையது. யுனிக்ஸ் இயக்குதளத்தின் முதற் கையேடு 1971 நவம்பர் 3 என்று திகதியிடப்பட்டது. அமெரிக்காவில் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் எழுதியது. அதிலேயே 'மவுண்ட்' இருக்கிறது, கழற்றும் கட்டளையும் இருக்கிறது. அக்காலத்தில் கழற்றி மாற்றக்கூடிய பெரிய வட்டுகள் இருந்தன. வட்டை இயந்திரத்திலிருந்து எடுக்கப் போகிறேன் என்று கணினிக்கு முன்கூட்டி அறிவிப்பதுதான் அந்தக் கட்டளையின் வேலை. வட்டு சுருங்கிப் பென்னாகிவிட்டது, அறிவிக்கும் கடமை அப்படியேதான் இருக்கிறது.

கட்டளையின் பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. 'அன்மவுண்ட்' என்று எழுதினால் கணினிக்கு விளங்காது. நடுவில் 'என்' எழுத்து இல்லை: யூ, எம், ஓ, யூ, என், டி. மொத்தம் ஆறு எழுத்து. 'யூமவுண்ட்' என்று வாசியுங்கள். தொடக்கத்தில் நானே எத்தனையோ தரம் 'என்' போட்டுத் தட்டி, 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்ற பதிலை வாங்கியிருக்கிறேன். யுனிக்ஸ்காரர்களுக்கு எழுத்தை விழுங்கும் பழக்கம் இருந்தது. புதுக் கோப்பை உண்டாக்கும் 'கிரியேட்' என்ற அழைப்பில் கடைசி 'ஈ' கிடையாது. யுனிக்ஸை மறுபடி எழுதினால் எதை மாற்றுவீர்கள் என்று தொம்சனைக் கேட்டபோது, அந்த 'ஈ'யைச் சேர்ப்பேன் என்று அவர் சொன்னதாகப் புகழ்பெற்ற ஒரு கதை உண்டு.

திரை சொன்னது பொய்யா?

பொய் இல்லை. நான் அதைப் பிழையாக விளங்கிக்கொண்டேன்.

ஒரு பலசரக்குக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். முதலாளி கல்லாவில் இருந்து, "ரஹீமின் கணக்கில ரெண்டு கிலோ சீனி எழுது" என்கிறார். கடைப் பையன், "சரி முதலாளி" என்கிறான். கொப்பி உள்ளறையில் இருக்கிறது. ஒவ்வொரு தரமும் ஓடிப்போய் எழுதினால் வியாபாரம் நடக்காது. அதனால் அவன் பத்துப் பதினைந்தைத் தலையில் வைத்திருந்து, கூட்டம் குறைந்ததும் போய் ஒன்றாக எழுதுவான். முதலாளிக்குக் கேட்ட 'சரி', கொப்பியில் ஏறிவிட்டது என்பதற்கான 'சரி' அல்ல.

லினக்ஸும் இதைத்தான் செய்கிறது. ஒரு நிரல் பென்னில் எழுதச் சொன்னால், கணினி அதை ரேமில் வாங்கி வைத்துக்கொண்டு 'ஆயிற்று' என்று உடனே பதில் சொல்லிவிடும். ரேமில் இருந்தும் வட்டில் ஏறாத பகுதிக்கு 'டேர்ட்டி', அதாவது அழுக்கு, என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வழமையான அமைப்பில், எழுதும் வேலையாள் 5 செக்கனுக்கு ஒரு தரம் விழித்துப் பார்ப்பான். 30 செக்கனுக்கு மேல் கிடந்த அழுக்கை எழுதத் தொடங்குவான். அல்லது அழுக்கு, கிடைக்கக்கூடிய நினைவகத்தின் 10 வீதத்தைத் தாண்டினால் அப்போதே தொடங்குவான். 20 வீதத்தை எட்டினால், எழுதச் சொல்லும் நிரலையே நிறுத்திவைத்துக் காத்திருக்கச் செய்வான்.

இப்போது என்னுடைய கணக்கைப் பாருங்கள். ஏ4 அளவு, அங்குலத்துக்கு 300 புள்ளி, முழு நிறம், சுருக்காத டிஃப் கோப்பு. அகலம் 2480 புள்ளி, உயரம் 3508 புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் 3 பைட். பெருக்கினால் ஒரு படம் ஏறத்தாழ 26 எம்பி. 212 படங்கள் ஐந்தரை ஜிபி. நண்பரின் கணினியில் 8 ஜிபி ரேம். அதில் ஒரு 6 ஜிபி ஓய்வாக இருந்திருக்கும். அதன் 20 வீதம் 1.2 ஜிபி. என் பழைய பென் செக்கனுக்கு 8 எம்பி போலத்தான் எழுதும். அப்படியானால் கட்டளை முடிந்து அடுத்த வரி வந்த நேரத்தில், ஒரு ஜிபிக்குக் கிட்டியது ரேமில்தான் நின்றிருக்கிறது. அதை எழுதி முடிக்க இன்னும் இரண்டு நிமிடம் தேவை. நான் இரண்டு செக்கன்கூடக் கொடுக்கவில்லை. 37 படங்களை 26 ஆல் பெருக்குங்கள்: 962 எம்பி. கணக்கு சரியாக வந்தபோது மனது இன்னும் கஷ்டப்பட்டது.

இதைவிடக் கொடியது மற்றப் பக்கம். 'எம்வீ' ஒரே கோப்பு முறைமைக்குள் என்றால் பெயரை மட்டும் மாற்றும். ஒரு கோப்பு முறைமையிலிருந்து இன்னொன்றுக்கு என்றால், முதலில் கொப்பி பண்ணி, பிறகு மூலத்தை அழிக்கும். எப்போது அழிக்கும்? பையன் 'சரி முதலாளி' என்று சொன்ன மறுகணம். கொப்பியில் ஏறியதா என்று அது பார்ப்பதில்லை. ஆக அந்த 37 படங்களும் சில நிமிடங்கள் ரேமில் மட்டுமே உயிரோடு இருந்தன; பென்னை நான் இழுத்ததும் அவற்றுக்கு இடமில்லாமல் போயிற்று.

அழித்த கோப்பை மீட்கும் மென்பொருள் இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஃபோட்டோரெக் போன்றவை உண்மையில் நல்ல கருவிகள். ஆனால் நண்பரின் கணினியில் இருந்தது எஸ்எஸ்டி. அழித்த இடங்களை எஸ்எஸ்டிக்கு அறிவித்துத் துடைத்துவிடும் வேலை உபுண்டுவில் கிழமைக்கு ஒரு தரம் தானாக நடக்கும். நான் விழித்துக்கொண்டது ஒன்பதாம் நாள்.

நான் விண்டோஸில் பழகிய ஆள் என்பதையும் சொல்லவேண்டும். அங்கே பென்னை அப்படியே இழுத்தும் அனேகமாக ஒன்றும் ஆகாது. அது தற்செயல் அல்ல. கழற்றக்கூடிய சாதனங்களுக்கு, எழுதுவதை ரேமில் தேக்கிவைக்காத 'விரைவு நீக்கம்' என்ற முறையை விண்டோஸ் 10 தன் 1809 பதிப்பிலிருந்து எல்லோருக்கும் இயல்பாக்கிவிட்டது. அந்தத் தைரியத்தைத்தான் நான் லினக்ஸுக்கும் கொண்டுபோனேன். அங்கேயும்கூட எழுதிக்கொண்டிருக்கும்போது இழுத்தால் நட்டம்தான்.

கட்டளையைக் கொடுக்கும் விதம்

முதலில் எதைக் கழற்றப் போகிறோம் என்று தெரிய வேண்டும். 'எல்எஸ்பிஎல்கே' என்று தட்டுங்கள் (எல், எஸ், பி, எல், கே). கணினியோடு இணைந்த வட்டுகள் எல்லாம் அளவோடு வரிசையாக வரும். 16 ஜிபி பென் என்றால் 14 ஜிபிக்கு மேல் ஏதோ ஓர் எண் காட்டும். அதை வைத்து அடையாளம் காணலாம். பெயர் 'எஸ்டிபி' என்றும், அதற்குள் உள்ள பகுதி 'எஸ்டிபி1' என்றும் இருக்கக்கூடும். கடைசி நிரலில் அது மரத்தில் எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்று இருக்கும். உபுண்டுவில் 'லூப்' என்று ஒரு கூட்டம் வரிகள் சேர்ந்து வந்து குழப்பும். அவற்றைக் கணக்கெடுக்க வேண்டாம்.

பிறகு 'யூமவுண்ட்' என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, பொருத்தப்பட்ட இடத்தையோ '/டெவ்/எஸ்டிபி1' என்ற சாதனப் பெயரையோ கொடுங்கள். இடத்தின் பெயருக்குள் இடைவெளி இருந்தால் முழுவதையும் மேற்கோள் குறிக்குள் இடுங்கள். அனுமதி இல்லை என்று சொன்னால் முன்னால் 'சுடோ' சேர்த்துக் கடவுச்சொல்லைக் கொடுக்கலாம்.

அதன் பின்னர் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். திரை அசையாது. இங்கேதான் நம்மவர்கள் பொறுமை இழப்பது. அந்த அமைதிதான் வேலை. யாராவது பென்னைப் பாவிக்கிறார்களா என்று பார்த்து, ரேமில் தேங்கிய எல்லாவற்றையும் எழுதி, கோப்பு முறைமையின் சொந்தக் கணக்கையும் மூடி, 'ஒழுங்காகக் கழற்றப்பட்டது' என்று குறித்து, பிறகு மரத்திலிருந்து கிளையை எடுக்கிறது. இதெல்லாம் முடியும்வரை அடுத்த வரி வராது. 'எம்வீ'யின் அடுத்த வரிக்கும் 'யூமவுண்ட்'டின் அடுத்த வரிக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்: ஒன்று 'கேட்டுக்கொண்டேன்' என்கிறது, மற்றது 'எழுதிவிட்டேன்' என்கிறது. வெற்றி என்றால் அது ஒரு சொல்லும் சொல்லாது. ஏதாவது சொன்னால்தான் யோசிக்க வேண்டும்.

காத்திருக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்க்க ஆசையுள்ளவர்கள், இன்னொரு முனையத்தைத் திறந்து '/ப்ரொக்/மெம்இன்ஃபோ' என்ற கோப்பைப் பாருங்கள். அதில் 'டேர்ட்டி', 'ரைட்பேக்' என்று இரண்டு வரிகள் உண்டு. ஒரு பெரிய கோப்பைக் கொப்பி பண்ணிவிட்டுப் பார்த்தால் அந்த எண் லட்சக்கணக்கில் நின்று, மெதுவாக இறங்குவது தெரியும். ஹாஜியார் வீட்டில் அதை ஒரு தரம் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

'சிங்க்' என்றொரு கட்டளையும் உண்டு. தேங்கியதை எழுது என்று மட்டும் சொல்வது, கழற்றாது. பழைய யுனிக்ஸ் ஆட்கள் அதை மூன்று தரம் தட்டுவார்கள். அக்காலத்தில் 'சிங்க்' எழுதி முடியும்வரை நிற்காது, சொல்லிவிட்டுத் திரும்பிவிடும். மூன்று தரம் தட்டும் நேரத்தில் வட்டு எழுதி முடித்துவிடும் என்பதுதான் அதன் சூட்சுமம். இன்றைய லினக்ஸில் அது எழுதி முடியும்வரை நிற்கிறது, ஒரு தரமே போதும். ஆனாலும் 'சிங்க்' பண்ணிவிட்டேன் என்று பென்னை இழுப்பது சரியில்லை. கோப்பு முறைமை இன்னும் திறந்தபடிதான் இருக்கிறது. அடுத்த நொடியே வேறொரு நிரல் அதில் எழுதலாம்.

"இலக்கு பாவனையில் உள்ளது"

'யூமவுண்ட்' சில வேளை மறுக்கும். இலக்கு பாவனையில் உள்ளது என்ற பொருள்பட ஒரு வரி வரும். இதைப் பார்த்ததும் பலருக்குக் கோபம் வந்து பென்னைப் பிடுங்கிவிடுகிறார்கள். இந்த மறுப்பு உங்கள் நன்மைக்கு. யாரோ உள்ளே இருக்கிறார் என்று காவலாளி சொல்கிறான்.

பத்துக்கு ஐந்து தரம் அந்த 'யாரோ' நீங்கள்தான். 'சீடி' கட்டளையால் பென்னுக்குள் போய், அங்கே நின்றுகொண்டே அதைக் கழற்றச் சொல்வீர்கள். மரக்கிளையில் இருந்துகொண்டு கிளையை வெட்டும் கதை. வெறுமனே 'சீடி' என்று மட்டும் தட்டினால் உங்கள் வீட்டுக் கோப்புறைக்கு வந்துவிடுவீர்கள். பிறகு கழற்றுங்கள், கழன்றுவிடும்.

அப்படியும் மறுத்தால் 'எஃப்யூசர்' என்ற கட்டளையோடு '-விஎம்' என்று சேர்த்து, பொருத்திய இடத்தைக் கொடுங்கள். யார் யார் பிடித்திருக்கிறார்கள் என்று பட்டியல் தரும்: நிரலின் பெயர், அதன் இலக்கம், எந்த விதத்தில் பிடித்திருக்கிறது என்பதற்கு ஓர் எழுத்து. 'சீ' என்றால் அது அந்தக் கோப்புறைக்குள் நிற்கிறது. சிறிய 'எஃப்' என்றால் ஒரு கோப்பைத் திறந்திருக்கிறது. பெரிய 'எஃப்' என்றால் எழுதுவதற்காகத் திறந்திருக்கிறது; அதைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள். 'எல்எஸ்ஓஎஃப்' என்ற கட்டளைக்கு அதே இடத்தைக் கொடுத்தால் எந்தக் கோப்பு என்றே பெயர் சொல்லும். எனக்கு அடிக்கடி அகப்படுவது படங்களுக்குச் சிறுபடம் தயாரிக்கும் பின்னணி நிரல். நூற்றுக்கணக்கான டிஃப் படங்களைக் கண்டால் அதற்குக் கொண்டாட்டம். ஒரு நிமிடம் பொறுத்தால் அதுவாக விட்டுவிடும். படம் திறந்திருந்தால் மூடுங்கள், கோப்பு உலாவியை மூடுங்கள்.

இணையத்தில் தேடினால் இந்த இடத்தில் இரண்டு குறுக்கு வழிகளைத் தருவார்கள். இரண்டும் எனக்கு விருப்பமில்லை.

ஒன்று 'எஃப்யூசர்' கட்டளையில் '-கே' சேர்ப்பது. பிடித்திருக்கும் நிரல்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொன்றுவிடும். எழுதிக்கொண்டிருந்த நிரலையும் நடுவழியில் கொல்லும். நீங்கள் உள்ளே நின்றால் உங்கள் முனையத்தையும் கொல்லும்.

மற்றது 'யூமவுண்ட்' கட்டளையில் '-எல்' சேர்ப்பது. 'சோம்பல் கழற்றல்' என்று சொல்லலாம். இதுதான் ஆபத்தானது, ஏனென்றால் இது வேலை செய்த மாதிரியே தெரியும். கிளை மரத்திலிருந்து உடனே மறைந்துவிடும், மறுப்பும் வராது. ஆனால் உள்ளே இருந்த நிரல்கள் அப்படியே இருந்து எழுதிக்கொண்டிருக்கும். அவை எல்லாம் வெளியேறிய பிறகுதான் உண்மையான கழற்றல் நடக்கும். வாடகைக்காரன் வீட்டுக்குள் இருக்கும்போதே பதிவில் அவன் பெயரை வெட்டிவிட்டு, வீடு காலி என்று சொல்வது போல. எப்போது காலியானது என்று அதன் பின் யாராலும் எளிதில் சொல்ல முடியாது. வலையமைப்பில் உள்ள சேவையகம் செத்து, அதில் பொருத்திய கோப்புறை தொங்கிக்கொண்டிருக்கும் வேளைக்கு '-எல்', '-எஃப்' இரண்டும் உதவும். கையில் இருக்கும் பென்னுக்கு அவை எதற்கு?

கழன்ற பிறகு

பென் என்றால் இத்துடன் இழுக்கலாம். சுழலும் வெளி ஹார்ட் டிஸ்க் என்றால் இன்னும் ஒரு படி எனக்கு வழக்கம். 'யூடிஸ்க்ஸ்சீடிஎல்' என்ற கருவியில் 'பவர்-ஆஃப்' என்று சொல்லி, '-பி' சேர்த்து, முழு வட்டின் பெயரைக் கொடுப்பேன்: 'எஸ்டிபி1' அல்ல, 'எஸ்டிபி'. வட்டு சுழல்வது நின்று, விளக்கு அணையும். ஓடும் வட்டை அசைத்து எடுப்பதற்கும் நின்ற வட்டை எடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு. ஒரு வட்டில் இரண்டு மூன்று பகுதிகள் இருந்தால் எல்லாவற்றையும் கழற்றிய பிறகே இது நடக்கும்.

அடுத்தது சரிபார்த்தல். இதிலும் நான் முன்பு பிழை விட்டேன். கொப்பி பண்ணியதும் உடனே பென்னில் உள்ள படத்தைத் திறந்து பார்ப்பேன், அழகாகத் திறக்கும், திருப்தி. ஆனால் அப்போது கணினி காட்டுவது பென்னில் உள்ளதை அல்ல, ரேமில் உள்ளதை. பையனிடம், "எழுதினியா, சொல்லு பாப்பம்" என்று கேட்டால் அவன் தலையில் இருப்பதை ஒப்பிப்பான். கொப்பியைப் பார்த்துச் சொல்ல மாட்டான். ஆகவே சரிபார்ப்பதானால் கழற்றி, இழுத்து, திரும்பச் செருகிய பிறகே பார்க்க வேண்டும்.

212 படங்களைக் கண்ணால் பார்ப்பதும் நடக்காது. அதற்கு 'ஷா256சம்' இருக்கிறது. ஒவ்வொரு கோப்புக்கும் 64 எழுத்துள்ள ஒரு கைரேகை தரும். கோப்பில் ஒரு பைட் மாறினாலும் கைரேகை முழுதாக மாறிவிடும். மூலத்தில் வைத்து அந்தப் பட்டியலை ஒரு கோப்பில் எடுத்துக்கொள்கிறேன். பென்னைக் கழற்றித் திரும்பச் செருகி, '-சி' சேர்த்து அதே கட்டளையைக் கொடுத்தால் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுச் சொல்லும். எல்லாம் சரி என்றான பிறகே மூலத்தில் கை வைப்பேன். 'எம்வீ' இப்போது என் கையில் வருவதில்லை. 'சீபீ' தான்.

இழுத்துவிட்டால்?

முதலில், அந்தப் பென்னில் புதிதாக ஒன்றும் எழுதாதீர்கள். லினக்ஸில் திரும்பச் செருகினால், இந்தத் தொகுதி ஒழுங்காகக் கழற்றப்படவில்லை, சில தரவுகள் கெட்டிருக்கலாம் என்று கணினியின் குறிப்பேட்டில் ஒரு வரி விழும். 'டிமெஸ்ஜ்' கட்டளையால் அதைப் பார்க்கலாம். ஃபேட்32 பொருத்தப்படும்போது தன்னில் ஒரு குறியை எழுதி, கழற்றும்போது அழித்துக்கொள்ளும். அழியாமல் இருந்தால் இடையில் இழுத்திருக்கிறார்கள் என்று அடுத்த கணினி அறிந்துகொள்ளும்.

'எஃப்எஸ்சிகே' அந்தக் கணக்கைச் செப்பனிடும். கவனம்: அது கோப்பு முறைமையைத் திருத்துவது, உங்கள் கோப்பைத் திருத்துவதல்ல. உரிமையாளர் தெரியாத துண்டுகளை விண்டோஸ் 'ஃபவுண்ட்' என்ற கோப்புறையில் சேர்த்துவைக்கும். லினக்ஸ் கருவி 'ரெக்' என்ற முடிவோடு கோப்புகளாக்கும். பெறுமதியானது உள்ளே இருந்தால், திருத்துவதற்கு முன் முழுப் பென்னையும் ஒரு படிமமாக எடுத்துவிட்டு, அந்தப் படிமத்தில் முயற்சி பண்ணுங்கள். கழற்றிய நிலையில்தான் 'எஃப்எஸ்சிகே' ஓட்ட வேண்டும்; பொருத்தியிருக்கும்போது ஓட்டினால் இருக்கிறதும் போகும்.

எக்ஸ்ட்4 போன்றவை நாட்குறிப்பு வைத்துக்கொள்ளும். என்ன மாற்றப் போகிறேன் என்று முதலில் அதில் எழுதிவிட்டுத்தான் தன் கணக்கை மாற்றும். மின் போனாலும் அடுத்த தரம் நாட்குறிப்பைப் பார்த்து ஒழுங்குக்கு வந்துவிடும். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்த நாட்களில் மின்கலம் செத்த என் பழைய மடிக்கணினி எத்தனை தரம் சட்டென்று அணைந்தது என்று எண்ணவில்லை. ஒவ்வொரு தரமும் எழும்பி வந்தது. ஆனால் அணைவதற்குச் சற்று முன் தட்டிய பந்திகள் வரவில்லை. நாட்குறிப்பு வீட்டின் சுவரைக் காக்கும். உள்ளே பாதி எழுதிய கடிதத்தைக் காக்காது. ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டிலும் அந்த நாட்குறிப்பும் இல்லை, பென்கள் எல்லாம் அவற்றில்தான்.

மெக் கணினியில் இதே வேலைக்கு 'டிஸ்க்யூட்டில்' என்ற கருவி. அதில் 'அன்மவுண்ட்' என்றோ 'இஜெக்ட்' என்றோ சொல்ல வேண்டும், 'என்' எழுத்தோடு. விண்டோஸில் நிர்வாகியாகக் கட்டளைவரியைத் திறந்து, 'மவுண்ட்வோல்', பிறகு 'ஈ:' போன்ற எழுத்து, பிறகு '/பி'. மூலையில் உள்ள சிறு படத்தை அழுத்துவதும் அங்கே போதுமானதே.

இரண்டாம் தரம்

ஹாஜியாரிடம் போய்ச் சொல்ல எனக்கு மூன்று கிழமை எடுத்தது. ஃபோனில் சொல்ல மனம் வரவில்லை. நேரில் போய், 37 பக்கம் விழவில்லை, என் பிழை, திரும்ப எடுக்க வேண்டும் என்றேன். அவர் ஏசவில்லை. உள்ளே போய் வெள்ளைத் துணியில் சுற்றியிருந்த கிதாபை எடுத்துவந்து மேசையில் வைத்து, "பாத்து மகன், முந்தி மாதிரி இல்ல இப்ப" என்றார்.

உண்மைதான். முதல் தரம் நாங்கள் விரித்ததிலேயே முதுகுத் தையல் விட்டிருந்தது. கடைசிப் பக்கங்களில்தான் மை அதிகம் தின்றிருந்தது; போனதும் அந்தக் கடைசிப் பக்கங்கள்தான். முப்பத்திரண்டை முழுதாக எடுத்தோம். ஐந்து பக்கங்களில் கீழ் ஓரம் உதிர்ந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வரி இல்லை. முதல் தரம் ஸ்கேனரில் வைத்தபோது அந்த வரிகளை நான் கண்ணால் கண்டேன், வாசிக்கவில்லை. நூலாசிரியர் தன் பெயரையும் எழுதி முடித்த ஹிஜ்ரி வருடத்தையும் இடுவது வழக்கமாக அந்த இடத்தில்தான். பெயரின் பாதி இருக்கிறது. வருடம் இல்லை.

அன்று 'சீபீ' பண்ணி, கழற்றி, அடுத்த வரி வரும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பச் செருகி, கைரேகைகளை ஒப்பிட்டு, ஒரு பென்னை ஹாஜியாரின் பேரனிடம் கொடுத்தேன். பையனுக்குப் பதினான்கு வயது இருக்கும். கணினியிலிருந்து அதை இழுக்கப் போனான்.

"பொறுங்க தம்பி" என்றேன். "முதல்ல இதைத் தட்டுங்க. யூ, எம், ஓ..."

"என் இல்லையா சேர்?" என்று கேட்டான்.